‘வெளியே போ’ என்றொரு வாழ்த்து

வானத்துக்கும் கடலுக்கும் நடுவே இந்தச் சின்னத் தீவை மூழ்காமல் ஏந்தி நிற்கும் இறைவனுக்கு என் முதல் வணக்கம்.

நாற்பது ஆண்டுகள் நம் ஊரின் காய்ச்சலையெல்லாம் கைதொட்டுப் பார்த்த, இன்று இந்த விழாவின் தலைமை நாற்காலியை அழகு செய்கிற செவிலியர் மெலெனைத்தே அம்மையார் அவர்களே! குடிகளின் கிளைகளை நாவிலேயே சுமக்கும் தலைவர்களே! ஞாயிறு தவறாமல் எங்களை மன்னித்துக்கொண்டிருக்கும் போதகர்களே! பாய் முடைந்தும் மரப்பட்டை தட்டித் துணி செய்தும் விரல் கறுத்த தாய்மார்களே! சிட்னியிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் விடுமுறைக்கு வந்து பின்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளைகளே! நம் வவாவுத் தீவின் சகோதரர் சங்கத்துத் தோழர்களே! பேருந்து ஓட்டுநர் ஹேமலோத்தோ அவர்களே!

ஆமாம், உங்களைத் தனியாகத்தான் விளிக்கிறேன். காரணம் பின்னால் வரும். அதுவரை அந்த விசிறியால் முகத்தை மறைக்க வேண்டாம்.

கடைசியாக, இந்த அரங்கத்தில் இல்லாத ஒருவரே! உமக்கும் என் வணக்கம்.

அன்பர்களே, பத்தாம் ஆண்டு விழா இது. பெண்பிள்ளை என்று எழுதப்பட்டுப் பிறந்து, ஆணாகவே தன்னை அறிந்து, ஆணாகவே வாழ்கிற திருநம்பிகள் கூடிக் கட்டிய சங்கத்தின் விழா. மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது, மலர் இருக்கிறது. தலைவர் எங்கே? சங்கத்தைத் தொடங்கிய பெனிசிமானி எங்கே? தலைவர் இல்லாமல் தலைவருக்குப் பாராட்டா என்று யாரோ அங்கே கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அவர் பின்புறம் ஈரப்பலா மரத்துக்கு அப்பால் இருக்கிறார். மண் அடுப்புக் குழியில் கல் காய்ச்சி, கிழங்கும் பன்றியும் அடுக்கி, இலையால் மூடி, அதன்மேல் மண் தள்ளிக்கொண்டிருக்கிறார். சமையல் இருந்தால்தான் அவர் வெளியில் இருப்பார் என்று நினைக்காதீர்கள். சமையலே இல்லாவிட்டாலும் இன்று அவர் வெளியில்தான் இருப்பார். ஏனென்றால் மேடையில் நிற்பவள் அவருடைய தங்கை. அண்ணனின் காது கேட்க, அண்ணனின் முகம் பார்த்து, அண்ணனைப் பற்றித் தங்கை பேசுவதா? நம் தீவில் அது நடக்குமா?

நடக்காது. அந்த ‘நடக்காது’ என்ற ஒரு சொல்லை வாங்குவதற்குத்தான் அவருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் அனசெய்னி. கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். கூட்டங்களுக்குப் போகாதவள். போனாலும் கைதட்டாதவள். எதையும் சான்று கேட்டு நம்புகிறவள். சான்று இல்லாத ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்று சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. அப்போது அவரை நான் வேறு உறவு சொல்லி அழைத்தேன். அதைத் திருப்பிச் சொல்வதற்கில்லை. இருவருக்கும் ஒரு பாய், ஒரு கொசுவலை. வலைக்குள் படுத்தால் உலகமே வெள்ளையாய், மெல்லியதாய், மூச்சுவிடுவதாய் இருக்கும். திமிங்கிலங்கள் குட்டி போட வரும் மாதங்களில் துறைக்குள் அவை மூச்சு விடும் சத்தம் கேட்கும். யாரோ பெரிய மனிதர் தூக்கத்தில் பெருமூச்சு விடுவதுபோல இருக்கும். மூச்சு ஒன்று, இடைவெளி, மீண்டும் மூச்சு. அந்த இடைவெளிகளில்தான் நாங்கள் பேசுவோம்.

ஒரு விடியற்காலை அண்ணன் என்னைத் தட்டி எழுப்பினார்.

“செய்னி, தோள் வலிக்குது.”

“எதுக்கு வலிக்குது?”

“கனவுல ஒரு வீட்டுக் கூரைய ஆம்பளைங்க நெறைய பேரு தூக்கிட்டுப் போறாங்க. கடலோரமா. ஒரு எடம் மட்டும் காலியா இருக்குது. நான் ஓடிப் போய் அடியில நொழஞ்சேன்.”

“கனவுல தூக்குனதுக்கு நெசமா வலிக்குமா?”

“வலிக்குதே.”

நான் எழுந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து அந்தத் தோளில் தேய்த்துவிட்டேன். தொட்டால் சுடும் தோள். சிவந்திருந்த தோள். அன்பர்களே, இல்லாத கூரையைத் தூக்கியதற்கு இருக்கிற தோள் எப்படிச் சிவக்கும்? நாற்பது ஆண்டுகளாக யோசிக்கிறேன். அந்தக் கனவு வருடத்துக்கு நாலைந்து முறை வரும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் தேய்த்தவள் நான்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்காக ஒரு செய்தி. பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆனால் இங்கே அவன் வீட்டில் படுக்க மாட்டான். பையன்களின் குடிசைக்குப் போய்விடுவான். அதன்பின் அக்கா தங்கையோடு ஒரே பாயில் உட்கார மாட்டான், ஒரே அறையில் படம் பார்க்க மாட்டான், அவள் காதுபட ஒரு அசட்டு நகைச்சுவைகூடச் சொல்ல மாட்டான். ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்து போவார். வெறுப்பினாலா? இல்லை. இங்கே உடன்பிறந்தவளுக்குக் கொடுக்கிற உயர்ந்த மரியாதை அதுதான்.

அண்ணனுக்குப் பன்னிரண்டு முடிந்த அன்று பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு குடிசையை நோக்கி நடந்தார். அப்பா வாசலில் மறித்தார்.

“எங்க கெளம்பிட்டே?”

“குடிசைக்கு.”

“அது பசங்க எடம்.”

“அதனாலதான் போறேன்.”

அப்பா அடிக்கவில்லை. சிரித்தார். ஊரும் சிரித்தது. அடித்திருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும். சிரிப்பு ஆறவில்லை. பாய் திரும்பி வந்தது, என் பாயின் பக்கத்தில் விரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மகிழ்ந்தேன். என் துணை என்னிடமே திரும்பி வந்துவிட்டது என்று கொசுவலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

காலம் போயிற்று. நான் சுவா நகரத்துக்குப் படிக்கப் போனேன். அண்ணன் சிட்னிக்குப் பழம் பறிக்கப் போனார். அங்கே மருத்துவம் செய்துகொண்டார். குரல் இறங்கியது, தாடி ஏறியது. பெனிசிமானி என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஐந்தாண்டு கழித்துக் கப்பலிலிருந்து இறங்கியபோது இடுப்பில் ஆண்கள் கட்டும் பாயைக் கட்டிக்கொண்டு இறங்கினார். துறையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அண்ணா என்று அழைத்தேன். அழைத்துவிட்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். படித்தவள் அல்லவா! மனம் விரிந்தவள் அல்லவா! ஊர் ஏற்காவிட்டாலும் நான் ஏற்றுக்கொண்டேன் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டவள் அல்லவா!

கேளுங்கள், இங்கேதான் என் தவறு இருக்கிறது.

வெனிலா காய்கிற மாதம் அது. போர்வை நிறையக் கரும்பழுப்புக் காய்கள், வெயிலில் வியர்த்து, வாசனையில் மயங்கி, ஊரே ஒரு இனிப்பான தூக்கத்துக்குள் கிடக்கும் மாதம். வீட்டு முன்னால் போர்வையின் ஒரு பக்கம் அண்ணன், எதிர்ப்பக்கம் நான். நீளக் காய் ஒரு குவியல், குட்டைக் காய் ஒரு குவியல். பொறுக்கிக்கொண்டே அண்ணன் சொன்னார்.

“ரயில்ல ஒரு நாள் உக்காந்திருந்தேன், செய்னி. பக்கத்துல ஒரு வெள்ளக்காரம்மா. தாடி வளர்ந்து ரெண்டு மாசம் இருக்கும். என்னப் பாத்துச்சு. கைப்பைய இறுக்கிப் பிடிச்சுது. அடுத்த ஸ்டேஷன் வரதுக்குள்ள எந்திரிச்சு வேற பொட்டிக்குப் போயிருச்சு.”

“ஏன்?”

“பழுப்புத் தோலு. தாடி. பெரிய உடம்பு. வேறென்ன? முன்னெல்லாம் கடைக்குள்ள போனா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். இப்போ காவலாளி பின்னாலயே வரான். போலீஸ்காரன் ரெண்டு வாட்டி நிறுத்திட்டான். ஆம்பளைன்னு ஒத்துக்கிட்டாங்க, செய்னி. ஆனா பயந்துக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க.”

“உங்களுக்குன்னு அங்க கூட்டமெல்லாம் இருக்குமே?”

“இருந்துச்சு. நல்லவங்க. காபி குடுப்பாங்க. உன் குடும்பத்த விட்டுட்டு வா, சுதந்திரமா இருக்கலாம்னு சொன்னாங்க. நான் குடும்பத்துக்குள்ள நொழையத்தானே இவ்வளவும் பண்ணேன்? அவங்களுக்கு அது புரியல.”

பெரிய வசனம் ஒன்றைச் சொன்னேன்.

“யாரு வேணா எந்திரிச்சுப் போகட்டும்ணா. நான் போக மாட்டேன். இந்தப் பழைய கட்டுப்பாடெல்லாம் நமக்கு எதுக்கு? செத்தாலும் உங்க பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.”

அண்ணன் குனிந்துகொண்டார். ஒரு காயை எடுத்தார். நீளமா குட்டையா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மௌனத்தைப் பாசம் என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். இருபது ஆண்டு படித்த படிப்பு எனக்குக் கொடுத்த மொழிபெயர்ப்பு அது!

அடுத்து, காவா வட்டத்துக்கு வருகிறேன்.

காவா வேரை இடித்து, தண்ணீரில் கலக்கி, மரக்கிண்ணத்தைச் சுற்றி ஆண்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து, சிரட்டையில் ஒவ்வொருவராகக் குடிக்கிற வட்டம். உதடு மரத்து, பேச்சு மெல்ல மிதந்து, பாட்டு ஒன்று எங்கிருந்தோ எழுந்துவரும். அண்ணன் இரண்டாண்டு வெளியில் உட்கார்ந்து வேர் இடித்தார். உள்ளே கூப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டார்கள். எப்படிக் கூப்பிட்டார்கள்? “விருந்தாளி, உள்ள வாங்க!” என்று. விருந்தாளி என்றால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பெண்கள்கூட விருந்தாளியாய் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியானால் அண்ணன் அங்கே யார்? ஆணா, அனுமதிக்கப்பட்ட வேடிக்கையா? யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் அந்தக் கேள்வியின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். இதே அரங்கம். காவா கலக்கக் கல்யாணமாகாத ஒரு பெண் வேண்டும். வட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். அவளைப் பார்த்து ஆண்கள் கேலி பேசுவார்கள், பாட்டு எடுத்துவிடுவார்கள். அதனால் அவளுக்கு அண்ணன் தம்பி முறையாகிறவர்கள் வட்டத்தில் இருக்கக் கூடாது. அவர்கள் எழுந்து போன பிறகுதான் அவள் கிண்ணத்தில் கை வைப்பாள். அன்றைக்கு வரவேண்டிய பெண் படகில் வந்து, வழியெல்லாம் வாந்தியெடுத்து, பாயில் சுருண்டு கிடந்தாள். அடுக்களையிலிருந்த பெண்கள் என்னைப் பிடித்தார்கள்.

“டீச்சரம்மா, நீங்கதான் இன்னும் கல்யாணம் ஆகாதவங்க. போய் உக்காருங்க!”

“முப்பத்திநாலு வயசுலயா?”

“அவனுங்களுக்கு மட்டும் என்ன பதினெட்டா? போங்க போங்க!”

போனேன். கிண்ணத்தின் பின்னால் உட்கார்ந்தேன். வட்டத்தில் இருபது பேர். ஐந்தாவதாக அண்ணன். கிண்ணத்துக்கு எதிரே இருந்த பெரியவர் ஃபினாவ் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

“பொண்ணு உக்காந்தாச்சு. அண்ணன் தம்பி முறை யாராச்சும் இருந்தா எந்திரிச்சுக்குங்கப்பா.”

எங்கள் பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்தார்கள், குனிந்தபடி வெளியே போனார்கள். அண்ணன் முழங்காலில் கை ஊன்றினார். பாதி எழுந்தார். அப்போது ஒரு குரல். யாருடைய குரல், ஹேமலோத்தோ அவர்களே? நீங்களே சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா? சரி, நானே சொல்கிறேன்.

“நீ எங்கப்பா எந்திரிக்கற? உக்காரு உக்காரு! உனக்கென்ன? நேத்துக்கூட ரெண்டு பேரும் ஒரே போர்வைல உக்காந்து வெனிலா பொறுக்கிட்டு இருந்தீங்களே. பஸ்ஸுல போறப்ப பாத்தனே!”

வட்டம் சிரித்தது. அப்பா வாசலில் சிரித்த அதே சிரிப்பு, அதே சத்தம். அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். சிரட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்பர்களே! கேலி செய்தவர் சாட்சிக்கு யாரைக் கூப்பிட்டார் பார்த்தீர்களா? என்னைக் கூப்பிட்டார்! ஊர் வைத்த வழக்கில் அண்ணனுக்கு எதிரான சான்று நான். பெனிசிமானி ஆண் இல்லை என்பதற்கு ஊரின் கையில் இருந்த ஒரே ஆதாரம், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நாள்தோறும், வாசல் தெரிய, வழிப்போக்கர் பார்க்க, பேருந்தில் போகிறவர்கள் பார்க்க, இவர் என் அண்ணன் இல்லை, இவர் என் அண்ணன் இல்லை என்று வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்! அன்பு என்ற பெயரில் சொன்னேன். அறிவு என்ற பெயரில் சொன்னேன். அங்கே சிட்னியில், உட்கார்ந்திருக்க வேண்டியவள் எழுந்து போனாள். இங்கே வவாவுவில், எழுந்து போக வேண்டியவள் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரில் யார் அவரை அதிகம் காயப்படுத்தியது? ரயிலில் போனவள் ஒரு நாள் காயப்படுத்தினாள். நான்?

அந்தக் கணம் எனக்கு ஒரு கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் அசைகிறது. அதில் சன்னல் அசைகிறது. சன்னலுக்குள் வானம். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பெரியவர் கேட்டார். “என்னம்மா? கலக்கு.”

“முடியாதுங்க.”

“ஏன்?”

“எங்க அண்ணன் இந்த வட்டத்துல உக்காந்திருக்காரு. அவரு எந்திரிச்சுப் போற வரைக்கும் நான் கிண்ணத்துல கை வைக்க மாட்டேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. திமிங்கிலம் இரண்டு மூச்சுக்கு நடுவே விடுகிற இடைவெளி போல ஒரு அமைதி. பெரியவர் ஃபினாவ் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். சபை என்ன நினைக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அதற்காக, மண்ணுக்குள் உறங்கும் அவருக்கு இன்று நான் தலை வணங்குகிறேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“பெனிசிமானி.” அந்தப் பெயரை அவர் வாயில் ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. “உன் தங்கச்சி உக்காந்திருக்குது தெரியல? என்ன மரியாத இது? எந்திரி. வெளிய போ.”

வெளியே போ!

எத்தனை மேடைகளில் எத்தனை வாழ்த்துரை கேட்டிருக்கிறேன், அன்பர்களே! எந்த வாழ்த்தும் இதற்கு ஈடாகுமா? கதவுக்கு வெளியே முப்பத்தாறு வருடம் நின்றவரை, உள்ளே இருந்தபடி ‘வெளியே போ’ என்று சொன்னால், அவர் உள்ளே வந்துவிட்டார் என்று அல்லவா பொருள்! அண்ணன் எழுந்தார். இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டார். தலை குனிந்து, என் பக்கம் பார்க்காமல், என் முன்னால் நிமிர்ந்து நடக்காமல், ஓர் அண்ணன் எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போனார். வெளியில் பெரியப்பா பிள்ளைகளின் குரல் கேட்டது.

“வாய்யா வா, உனக்கும் கல்தாவா? உக்காரு. இந்தா கல்லு, வேர இடி!”

பிறகு மூன்று கற்கள் வேர் இடிக்கும் ஓசை. டக், டக், டக். அந்தத் தாளத்துக்கு நான் கிண்ணத்தில் கை வைத்தேன். என் கண்ணீர் கலந்த காவாவைத்தான் அன்று நீங்கள் குடித்தீர்கள், ஹேமலோத்தோ அவர்களே. நன்றாக இருந்ததாகக்கூடச் சொன்னீர்கள்!

மறுநாள் வெனிலாப் போர்வையின் முன்னால் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. நீளக் காயையும் நானே எடுத்தேன், குட்டைக் காயையும் நானே எடுத்தேன். பதினான்கு ஆண்டுகளாக அப்படித்தான். ஒரு கொசுவலைக்குள் மூச்சைப் பகிர்ந்தவரோடு பதினான்கு ஆண்டுகளாக நான் ஒரு படம் பார்க்கவில்லை, ஒரு பாயில் சாப்பிடவில்லை. அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லாமல் நான் கைதட்டல் வாங்கக் கூடாது. என் கல்லூரித் தோழிகள் என்னைக் கேட்கிறார்கள்: நீயா இந்தப் பழங்கட்டுக்குள் போய்ப் புகுந்தாய்? கேட்கட்டும். இந்த வழக்கம் வானத்திலிருந்து விழுந்தது என்று நான் நம்பவில்லை. அதனால் அழுதவர்களையும் எனக்குத் தெரியும். இதை மாற்ற வேண்டுமா? பேசுவோம், எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். ஆனால் எல்லா அண்ணன்களுக்கும் கொடுத்த மரியாதையை ஓர் அண்ணனுக்கு மட்டும் மறுத்துவிட்டு, அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைக்காதீர்கள். நான் வைத்தேன். நீங்கள் வைக்காதீர்கள்.

அந்த வட்டத்திலிருந்து வெளியே போனவர்தான், நாலாண்டு கழித்து நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் கொடி பிடித்தார்களா? கோஷம் போட்டார்களா? மண்வெட்டி பிடித்தார்கள்! ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்டும் ஆண்களின் வரிசையில் கடைசியில் போய் நின்றார்கள். முதல் சாவில் யாரும் மண்வெட்டி கொடுக்கவில்லை. இரண்டாம் சாவுக்குச் சொந்த மண்வெட்டியோடு வந்தார்கள். ஐந்தாம் சாவில் யாரோ சொன்னார்கள்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, அவங்களுக்கு எடம் விடுங்க.” தலைவர் அம்மையார் அவர்களே, நீங்கள் பணியில் இருந்தபோது, மருத்துவமனைக் கூடம் நிறைய ஆள் இருக்க, அட்டையில் இருந்த பழைய பெயரைப் படிக்காமல், “பெனிசிமானி, உள்ள வாங்க” என்று அழைத்தீர்கள். அது உங்களுக்கு ஒரு மூச்சு. அவருக்கு ஒரு வாழ்நாள்.

போன ஆண்டுப் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். கூரைகள் இலைகளாகப் பறந்தன. சங்கத்துப் பிள்ளைகள் நாற்பத்தொரு வீட்டுக்குக் கூரை ஏற்றினார்கள். தேவாலயக் கூடத்தின் கூரை கடலோரம் போய்க் கிடந்தது. அதைத் தூக்கிவர ஊர் ஆண்கள் அத்தனை பேரும் போனார்கள். நான் தூரத்தில், பெண்களோடு, மேட்டில் நின்றேன். விடிகிற நேரம். மூடுபனி. கூரை மட்டும் தெரிகிறது, கால்கள் தெரியவில்லை. தண்ணீரின்மேல் ஒரு கூரை தானாக நடந்துவருவதுபோல் இருக்கிறது. அப்போது அந்தப் பனிக்குள்ளிருந்து இதே பேருந்துக் குரல்.

“பெனி! எங்கய்யா நிக்கற? இங்க ஒரு எடம் காலியா கெடக்குது, வா, வந்து தோள் குடு!”

நான் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன், அன்பர்களே. அந்தக் கனவை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனும் சொன்னதில்லை. ஹேமலோத்தோவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாமல்தான் கூப்பிட்டார். சான்று கேட்கிறவள் நான். இதற்கு என்ன சான்று கேட்பேன்?

மறுநாள் என் வீட்டு வாசலில் பேருந்து நின்றது. பதினான்கு ஆண்டுகளாக அண்ணன் எனக்குக் கிழங்கு கொடுத்தனுப்புவதும், நான் தேங்காய்ப் பாலில் வேகவைத்த இலைக்கறி கொடுத்தனுப்புவதும் அந்தப் பேருந்தில்தான். அன்று கேலி செய்தவர்தான் இன்று எங்கள் இருவருக்கும் நடுவே ஓடுகிற நாக்கு! சத்தமாகச் சிரிக்கலாம், ஹேமலோத்தோ அவர்களே, இனி விசிறி எதற்கு? இவர் சன்னலில் தலையை நீட்டினார்.

“டீச்சரம்மா, உங்க அண்ணனுக்குத் தோள் வலியாம்.”

“அவரு சொல்லச் சொன்னாரா?”

“இல்லங்க. அவரு ஒண்ணும் சொல்லல. சும்மா தோளப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. எண்ணெ கிண்ணெ இருந்தா குடுங்க.”

புட்டியைக் கொடுத்தனுப்பினேன். என் கை தேய்க்கவில்லை. தேய்க்கக் கூடாது. என் கை தேய்க்கக் கூடாது என்பதற்காகத்தானே அவர் வாழ்நாள் முழுவதும் போராடினார்! பேருந்து தேங்காய் எண்ணெய் வாசனையோடு திருப்பத்தில் மறைந்தது. நான் வாசலில் நின்றேன். இழப்பா, பேறா? இரண்டும் ஒரே புட்டியில்தான் இருந்தன.

என் பேச்சை முடிக்கும் முன் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். இந்த அரங்கத்தின் இடப்பக்க வரிசைகளில் சங்கத்தின் புதிய தோழர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் அவர்களுடைய அக்காக்கள், தங்கைகள் இருக்கிறார்கள். கைகோத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊர் கைவிட்டாலும் நான் விடமாட்டேன் என்று விரல் பின்னி உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நான்தான் நீங்கள்.

எழுந்திருங்கள்.

அவர் அண்ணன் என்றால், எழுந்திருங்கள். அவர் தம்பி என்றால், எழுந்திருங்கள். வெறுத்து எழுந்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். பயந்து எழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டார்கள். மதித்து எழுந்தவர்களை ஒருமுறை பார்க்கட்டும். எழுந்து, வலப்பக்கத்தில் தாய்மார்களோடு போய் உட்காருங்கள்.

ஆம். அங்கே ஒருத்தி எழுகிறாள். வாம்மா. இன்னொருத்தி. பார்த்து, பாய் தடுக்கும். அந்த மூன்றாம் வரிசையில் இரண்டு பேர். அழாதே கண்ணே, அழுதாலும் பரவாயில்லை, நடந்துகொண்டே அழு. தோழர்களே, நீங்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை குனிந்திருங்கள். ஆமாம், இப்படித்தான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் உங்களுக்கு?

அந்த ஓரத்தில் ஒரு பெண் மட்டும் கையை விடாமல் இருக்கிறாள். யாரும் அவளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இருக்கட்டும். நீ இரு, அம்மா. எனக்கு இது புரிய முப்பத்துநாலு வயது ஆயிற்று. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இத்தனை நேரம் இந்தக் கம்மிய குரலைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அம்மையாருக்கும், மேடையில் இருக்கும் பெரியோர்களுக்கும், கலங்கிய கண்ணோடு கேட்ட தாய்மார்களுக்கும், பின்வரிசையில் நெளிவதை எப்போதோ நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்கும், என் தேரோட்டி ஹேமலோத்தோ அவர்களுக்கும் நன்றி சொல்லி வணங்குகிறேன்.

அடுப்புக் குழியைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஆவியின் வாசனை வருகிறது. கூடை சுமந்து அவர் உள்ளே வர வேண்டும். சங்கத் தலைவரின் நாற்காலியில் உட்கார வேண்டும். மாலை வாங்க வேண்டும். நான் இந்த மேடையில் நிற்கும்வரை அவரால் வர முடியாது. ஆகவே என்னுடைய பாராட்டை இனி வாயால் சொல்ல மாட்டேன்.

இதோ இந்த எண்ணெய்ப் புட்டியை அவர் நாற்காலியின் மேல் வைக்கிறேன். கூடைகள் கனமாக இருக்கும்.

முன்வாசல் வழியாக நான் வெளியே போகிறேன். பின்வாசலைத் திறந்து என் அண்ணனை உள்ளே அழையுங்கள்.

வணக்கம்.